எடை சொல்லாததை மூச்சு சொல்லும்

பத்தாம் வகுப்புப் பெண்ணின் பின்கழுத்தில் ஒரு கறுப்புப் பட்டை. தொட்டால் வெல்வெட் துணி போல லேசாகத் தடித்திருக்கும். அம்மா அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார். பயத்தமாவு, கடலை மாவு, எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். தோல் சிவந்து எரிகிறதே தவிர கறுப்பு போவதில்லை. குளிக்கச் சோம்பல்படுகிறாள் என்று பெண்ணுக்குத் திட்டு வேறு விழுகிறது.

அது அழுக்கே இல்லை. ரத்தத்தில் இன்சுலின் நெடுநாளாக அளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால், அது தோலின் செல்களையும் தூண்டித் தடிக்கச் செய்கிறது. அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்பது மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் பெயர். வளரும் பிள்ளைகளிடம் இது தென்பட்டால், பெரும்பாலும் உடல் இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். சர்க்கரை நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கழுத்து இதைச் சொல்லிவிடுகிறது.

இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, ‘வெயிட் எவ்வளவு?’ என்பதுதான். பதின்வயதினரின் ஆரோக்கியத்தை நாம் எடைக்கருவியில் நிறுத்தித்தான் பார்க்கிறோம். சற்றுச் சதைப்பிடிப்பாக இருந்தால் ‘பூசினாப்ல இருக்கா’ என்று மகிழ்கிறோம். ஒல்லியாக இருந்தால் ‘நோஞ்சான்’ என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி சோறு வைக்கிறோம். ஒல்லிப் பிள்ளைக்குச் சர்க்கரை வரும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நம் நாட்டுப் பிள்ளைகளின் உடலோ இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை.

2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் ஒரு புகைப்படம் வெளியிட்டது. அருகருகே நிற்கும் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் அச்சாக ஒன்றே: 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக்கருவிக்கு இருவரும் சமம். உள்ளே இருப்பதோ இரண்டு வேறு உடல்கள். இது பிறவியிலேயே தொடங்குகிறது என்பதையும் யாஜ்னிக்கின் குழு காட்டியது. புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்குச் சுமார் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த நம் குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை.

இந்தப் பின்னணியோடு 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வைப் பார்க்க வேண்டும். 10 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் சுமார் 24 சதவீதம் பேர் வயதுக்கு ஏற்ற எடை இல்லாமல் மெலிந்திருந்தார்கள். அதிக எடை உள்ளவர்கள் 5 சதவீதம்தான். ஆனால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றவர்கள் சுமார் 10 சதவீதம். அதிக எடை உள்ளவர்களைப் போல இரண்டு மடங்கு. எடை கூடிய பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கைக்குப் பாதிதான் தேறும். மீதிப் பாதியாவது, நாம் கவலைப்படாமல் விட்ட பிள்ளைகள்.

அப்படியானால் எடையை விட்டு வேறு எதைப் பார்ப்பது? தசையைப் பார்க்க வேண்டும். அந்தத் தசைக்குக் காற்று கொண்டுபோகும் மூச்சையும் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்குகிறது. அதை வாங்கிச் சேமிக்கும் பெரிய குதிர் எது என்றால் தசைதான். இன்சுலின் வந்து தட்டினால் தசை கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே எடுத்துக் கிளைக்கோஜனாக அடுக்கி வைக்கும். ஓடினால், சைக்கிள் மிதித்தால் அந்த இருப்பு கரையும். குதிர் காலியாகும், அடுத்த வேளைச் சோற்றுக்கு இடம் பிறக்கும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் பிள்ளையின் குதிர் எப்போதும் நிரம்பியே கிடக்கிறது. நெல் வண்டி வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே இடமில்லை. அந்தச் சர்க்கரை கல்லீரலுக்குத் திரும்பிக் கொழுப்பாக மாறுகிறது.

இது வெறும் உவமை அன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஷுல்மன், கிட் பீட்டர்சன் குழுவினர் இதை உடலுக்குள்ளேயே பார்த்தார்கள். 2007இல் வெளியான அவர்களது ஆய்வில் பங்கேற்றவர்கள் இளைஞர்கள், ஒல்லியானவர்கள், நோய் ஏதும் இல்லாதவர்கள். அவர்களில் தசை இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்லாதவர்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் கல்லீரலில் புதிதாக உருவான கொழுப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். 2011இல் அதே குழு இப்படிப்பட்டவர்களை ஒரே ஒரு தடவை 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்தது. அடுத்து உண்ட உணவில் கல்லீரல் புதிதாகக் கொழுப்பு தயாரிக்கும் வேகம் சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஒரு கிராம்கூட எடை இறங்குவதற்குள் கல்லீரல் நிம்மதி அடைந்துவிட்டது. இந்தத் துறையில் நான் படித்த ஆய்வுகளில் பெற்றோர்கள் கட்டாயம் அறிய வேண்டியது இதுதான் என்பேன். உழைக்கும் தசைக்கு இன்சுலினின் அனுமதிகூட முழுதாகத் தேவைப்படுவதில்லை. அசைவே அதன் கதவைத் திறந்துவிடுகிறது.

பதின்வயதில் இது கூடுதல் முக்கியம் பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. பூப்படையும் பருவத்தில் எல்லாப் பிள்ளைகளுக்குமே, எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், இன்சுலினின் வேலைத்திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கும். வளர்ச்சி ஹார்மோன் உச்சத்தில் இருப்பதால் வரும் இயற்கையான இறக்கம் இது. கணையம் அதிகமாகச் சுரந்து சமாளிக்கும், பருவம் முடியும்போது நிலைமை தானே சீராகும். தசை வலுவில்லாமலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்தும் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சீராகுதல் முழுமையாக நடப்பதில்லை. நாம் எட்டாம் வகுப்பில் விளையாட்டைக் குறைத்து, ஒன்பதாம் வகுப்பில் டியூஷனைக் கூட்டி, பத்தாம் வகுப்பில் நாற்காலியிலேயே கட்டிப்போடுவது சரியாக இந்த இறக்கத்தின் நடுவில்தான்.

தசைக்குக் காற்றைக் கொண்டுபோகும் மூச்சுத் திறனை நம்மூரில் ‘தம்’ என்போம். கபடியில் தம் கட்டுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மூச்சை அடக்க வேண்டும். இங்கே மூச்சு வாங்க வாங்க நிற்காமல் ஓட வேண்டும். ஒரு நிமிடத்தில் உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்க முடிகிறது என்பதே இதன் அளவு. நுரையீரல் இழுத்து, ரத்தம் சுமந்து, இதயம் தள்ளி, தசைக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா எரிக்கும் நீண்ட சங்கிலி அது. ஒரு கண்ணி தளர்ந்தாலும் எண் குறையும்.

இதை அளக்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் லூக் லெஜே 1980களில் வகுத்த சோதனைக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடுகளும் ஒரு ஸ்பீக்கரும் போதும். கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர். ‘பீப்’ ஒலிக்கும்போது ஒரு கோட்டிலிருந்து கிளம்பி அடுத்த ‘பீப்’புக்குள் மறு கோட்டைத் தொட வேண்டும். தொடக்க வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டர், அதாவது 20 மீட்டருக்கு எட்டரை வினாடி. எல்லோரும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடுவார்கள். ஒவ்வொரு நிமிடமும் வேகம் அரை கிலோமீட்டர் கூடும். நான்காவது நிமிடத்தில் பேச்சு நிற்கும். ஒருவர் இருவராக ஓரம் ஒதுங்கி, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நிற்பார்கள். எட்டாவது நிமிடத்தில் அதே 20 மீட்டருக்கு 6 வினாடிதான் கிடைக்கும். அப்போதும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் மிகச் சிலர். ஒதுங்கிய நிமிடத்தை வைத்து ஆக்சிஜன் அளவை மதிப்பிட்டுவிடலாம். பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு ஆண்பிள்ளைகளுக்கு 42 மில்லிலிட்டரும் பெண்பிள்ளைகளுக்கு 35 மில்லிலிட்டரும் எச்சரிக்கைக் கோடுகள் என்றது. அதற்குக் கீழே இருப்பவர்களிடம் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை போன்ற ஆபத்துகள் சேர்ந்து காணப்படும் வாய்ப்பு அதிகம்.

‘ஒரு கிலோவுக்கு’ என்ற சொல்லில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இங்கே சற்று நிற்க வேண்டும். இரண்டு பையன்களின் இதயமும் தசையும் நிமிடத்துக்குச் சரியாக 2.6 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் 50 கிலோ, மற்றவன் 70 கிலோ. எடையால் வகுத்தால் முதல் பையனுக்கு 52, இரண்டாவது பையனுக்கு 37. ஒருவன் தேறிவிட்டான், மற்றவன் எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே. இயந்திரம் இருவருக்கும் ஒன்றே. இரண்டாவது பையன் முதுகில் 20 கிலோ அரிசி மூட்டையோடு ஓடுகிறான், அவ்வளவுதான். கொழுப்பில்லாத உடல் எடையால் வகுத்துப் பார்த்தால் பருமனான பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்குகிறது என்று மைக்கேல் கோரன் குழுவினர் 2000இல் காட்டினார்கள். ஆகவே மைதானத்தில் மூன்றாவது நிமிடத்தில் நின்றுபோன பருத்த பையனை ‘சோம்பேறி’ என்று சொல்வது தவறு. அவன் இதயம் நன்றாகவே இருக்கலாம். அவனுக்கு வேண்டியது எடையைக் கால்கள் சுமக்காத ஓர் உழைப்பு. சைக்கிளின் சீட் எடையைத் தாங்கிக்கொள்ளும், கிணற்றிலோ குளத்திலோ நீர் தாங்கிக்கொள்ளும்.

பதினெட்டு வயதில் இருக்கும் தம் ஐம்பது வயதில் எதைத் தீர்மானிக்கிறது? இதற்கு மிகப் பெரிய சாட்சியம் ஸ்வீடனில் இருக்கிறது. கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களை அங்கே சைக்கிள் கருவியில் ஏற்றி, இனி முடியாது என்னும் வரை மிதிக்க வைத்து அளவெடுத்தார்கள். 1969 முதல் 1997 வரை அப்படி அளந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 2012 வரை தொடர்ந்து பார்த்தது ஓர் ஆய்வு. மூச்சுத் திறனும் தசை வலுவும் இரண்டுமே குறைந்திருந்தவர்களுக்கு, இரண்டுமே உயர்ந்திருந்தவர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. இளமையில் எடை சரியாக இருந்தவர்களிடமும் இந்தத் தொடர்பு காணப்பட்டது. ஒல்லிப் பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடைபவர்களுக்கான செய்தி இது.

ஸ்வீடனின் இன்னோர் ஆய்வு 13 லட்சம் பேரைச் சராசரியாக 29 ஆண்டுகள் தொடர்ந்தது. திறனில் மேல் ஐந்தில் ஒரு பங்கினருக்கு, கீழ் ஐந்தில் ஒரு பங்கினரைவிட இளவயதில் இறக்கும் வாய்ப்பு 51 சதவீதம் குறைவு. அதே ஆய்வு வேறொன்றும் சொன்னது: எடை சரியாக இருந்து திறன் குறைந்தவர்கள், திறன் மிகுந்த பருமனானவர்களைவிட இறக்கும் வாய்ப்பு 30 சதவீதம் குறைந்தவர்கள். ‘குண்டாக இருந்தால் என்ன, ஃபிட்டாக இருந்தால் போதும்’ என்ற வாதம் இங்கே அடிபடுகிறது. உடற்பயிற்சி கூடுதல் எடையின் கடனை முழுவதும் அடைப்பதில்லை.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அதே ஸ்வீடன் தரவுகளை அண்மையில் மீண்டும் ஆராய்ந்த உப்சாலா பல்கலைக்கழகக் குழு, திறன் மிகுந்த இளைஞர்கள் தற்செயல் விபத்துகளில் இறப்பதும் பாதியளவு குறைவாக இருப்பதைக் கண்டது. ஓடிப் பழகியவன்மீது லாரி மோதாதா என்ன? அப்படியென்றால் அந்த 51 சதவீதத்தில் ஒரு பகுதி குடும்ப வசதி, வளர்ப்பு, மரபு ஆகியவற்றுக்குச் சேர வேண்டியது. இந்தச் சந்தேகம் பழையது. 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற லண்டன் மருத்துவர், நாள் முழுக்க மாடிப்பேருந்தில் படியேறி இறங்கும் கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று கண்டார். பிறகு அவரே அவர்களது சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுகளைச் சேகரித்துப் பார்த்தார். இளம் டிரைவர்களின் இடுப்புகூடக் கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. வேலை மட்டும் அவர்களை அப்படி ஆக்கவில்லை, வரும்போதே ஓரளவு அப்படி வந்திருந்தார்கள். தம் கண்டுபிடிப்பைத் தாமே சோதித்த அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அதனால்தான் பின்தொடர்தல் ஆய்வுகளைவிட, பிள்ளைகளைப் பயிற்சியில் ஈடுபடுத்திப் பார்த்த ஆய்வுகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். கிரேக்க நாட்டில் நடந்து 2005இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று: அதிக எடையுள்ள 19 சிறுமிகள், வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம், 12 வாரம். எடையும் குறையவில்லை, கொழுப்புச் சதவீதமும் மாறவில்லை. ஆனால் இன்சுலினின் வேலைத்திறன் கூடியது, மூச்சுத் திறனும் கூடியது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 222 குழந்தைகளிடம் 13 வாரம் நடந்த சற்றுப் பெரிய ஆய்வு 2012இல் வந்தது. பள்ளி முடிந்ததும் தினம் 20 நிமிடம் ஓடியாடிய குழுவுக்கும் பலன் இருந்தது, 40 நிமிடக் குழுவுக்கும் இருந்தது. இவை சிறிய ஆய்வுகளே என்றாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. எடையை மூன்று மாதத்தில் மாற்றுவது பெரியவர்களுக்கே கடினம். மூச்சை மாற்ற முடியும். பதின்வயதுப் பெண்ணிடம் ‘ஐந்து கிலோ குறை’ என்பது அவளை நிலைக்கண்ணாடிக்குப் பகையாக்கும். ‘தெப்பக்குளத்தை நிற்காமல் இரண்டு சுற்று வா’ என்றால் அவளால் அடைய முடிந்த ஓர் இலக்காகிறது.

எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பலன் வருவதில்லை. குடும்பம் குடும்பமாக 20 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஹெரிட்டேஜ் ஆய்வு, முன்னேற்றத்தில் ஏறக்குறைய பாதி மரபைச் சார்ந்தது என்றது. அண்ணனோடு தம்பியை ஒப்பிட வேண்டாம்.

நம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள ஒரு தடையைத் தனியே சொல்ல வேண்டும். முன்னே சொன்ன தேசிய ஆய்வில் பதின்வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, பையன்களில் 18 சதவீதம். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது குறைந்தால் இதயம் எவ்வளவு தள்ளினாலும் தசைக்குக் காற்று போதாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் பெண்ணை ‘உடம்பு வணங்கவில்லை’ என்று குறை சொல்லும் முன் அவளது ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொள்கிறாளா என்றும் கேளுங்கள். இதற்கு மேல், வயதுக்கு வந்த நாளோடு அவளது ஓட்டம் நின்றுபோகிறது. நேற்று வரை தெருவில் நொண்டி ஆடியவள் இன்று வாசலைத் தாண்ட அனுமதி கேட்கிறாள். இன்சுலின் தடுமாறும் பருவமும் இரும்புச்சத்து வடியும் பருவமும் விளையாட்டு நிற்கும் பருவமும் அவளுக்கு ஒன்றாக வந்து சேர்கின்றன.

உலக சுகாதார நிறுவனம் பதின்வயதினருக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிட உழைப்பு வேண்டும் என்கிறது. 2016 நிலவரப்படி இந்தியாவில் 11 முதல் 17 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் அதை எட்டவில்லை. சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தினர் சுமார் 19,000 பள்ளிப் பிள்ளைகளை அளந்தபோது, தனியார் பள்ளிகளின் பதின்வயதினரில் 21 சதவீதத்துக்கும் மேல் அதிக எடை. அரசுப் பள்ளிகளில் 4 சதவீதத்துக்கும் குறைவு. இதை வைத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்திரம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். புனே குழந்தைகளை மறந்துவிடக் கூடாது.

நோய் உண்மையிலேயே பதின்வயதில் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ‘டுடே’ ஆய்வு இருக்கிறது. 10 முதல் 17 வயதில் டைப் 2 சர்க்கரை நோய் கண்ட 699 பேரில் தொடங்கிய அந்த ஆய்வில், பங்கேற்றவர்கள் சராசரியாக 26 வயதைத் தொட்டபோது 60 சதவீதம் பேருக்குச் சிறுநீரகமோ கண்ணோ நரம்போ பாதிக்கப்பட்டிருந்தது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இந்த நோய் வேகமாகப் பாய்கிறது.

நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறோம். படிப்பை நிறுத்தாமல் இருக்கக் கொடுத்த அந்த வண்டி, இந்தக் கட்டுரை பேசும் நோய்க்கு மருந்தும்கூட. டென்மார்க்கில் பள்ளிக்குச் சைக்கிளில் போன பிள்ளைகள், உடல்திறனில் மேல் கால் பங்கில் இடம்பெறும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் ஊரில் அந்தச் சைக்கிள் பல வீட்டுத் திண்ணையில் காற்றிறங்கிச் சாய்ந்து நிற்கிறது. பிள்ளை ஷேர் ஆட்டோவில் போகிறது. பேருந்துச் சாலையில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். பள்ளியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்காவது பாதுகாப்பான பாதை ஒதுக்குவது அரசின் கடமை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நிச்சயமாக அப்படிச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் கிரிக்கெட் மட்டையைப் பதினொரு பேரிடம் தந்துவிட்டு மற்றவர்களை மர நிழலில் உட்கார வைக்காமல், வகுப்பு மொத்தமும் மூச்சு வாங்கும்படி ஓட விடுங்கள்.

பெற்றோர்களுக்கு: பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் தொடவில்லை என்றாலோ கழுத்தில் அந்தக் கறுப்பு இருந்தாலோ மருத்துவரிடம் காட்டிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். நாரைப் போட்டுத் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுங்கள்.